ஸ்டார்ட்டிங் துப்பாக்கி: ரிப்பேரும் சிக்கனமும்

நமது இதழில் பருப்பு, எண்ணெய், ஜவுளி, இரும்பு என்று பெரிய துறைகளைப் பற்றி அன்பர்கள் எழுதுகிறார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் விளையாட்டுச் சாமான் மொத்த வியாபாரம் மிகச் சிறியது. அதிலும் நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மூலைச் சரக்கு. பள்ளி விளையாட்டு விழாவில் உடற்கல்வி ஆசிரியர் கையை உயர்த்தி, 'ஆன் யுவர் மார்க், செட்' என்று சொல்லிவிட்டு ஒரு துப்பாக்கியால் சத்தம் எழுப்புகிறாரே, அந்தத் துப்பாக்கியைப் பற்றித்தான். வருஷத்தில் சில டஜன்தான் போகும் சரக்கு இது. ஆனால் எங்கள் கடைக்கு ரிட்டர்ன் வருவதில் முதலிடம் இதற்குத்தான். ஆகவே விளையாட்டுச் சாமான், ஸ்டேஷனரி, ஃபேன்ஸி வியாபாரம் செய்யும் உறுப்பினர்களுக்கு என் அனுபவம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

நான் பழைய பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுத் தகப்பனாரோடு மதுரையில் கடையில் உட்கார்ந்தவன். அப்போதும் இப்போதும் எங்கள் சரக்கு பெரும்பாலும் மீரட், ஜலந்தர் ஆகிய ஊர்களிலிருந்துதான் வருகிறது. 1947 பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்த கைத்தொழிலாளர்களும் வியாபாரிகளும் அங்கே காலூன்றி வளர்த்த தொழில் அது. ஒரு துப்பாக்கி பழுது என்று திரும்பி வந்தால், அதை லாரி ஆபீஸில் போட்டு வடக்கே அனுப்பி, அங்கிருந்து மாற்று வருவதற்குள் பந்தயமும் முடிந்துவிடும், நம் லாபமும் வாடகையில் கரைந்துவிடும். பல வருஷங்கள் நானும் அப்படித்தான் செய்தேன். கேட்டவருக்குப் புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பழையதை மூட்டையில் கட்டிப் போட்டுவிடுவேன்.

ஒரு சம்பவம்தான் என்னை மாற்றியது. 1997-ஆம் வருஷம். பக்கத்துத் தாலுகா ஒன்றில் குறுவட்டப் போட்டி. அதற்கான துப்பாக்கியும் கேப்பும் என் கடையில் வாங்கியவை. கேப் என்றால் தீபாவளிக்குக் குழந்தைகள் சுடும் அதே வளையக் கேப்தான். முந்தைய வருஷம் தீபாவளி முடிந்ததும் மிச்சச் சரக்கைச் சல்லிசாக வாங்கிக் கடையின் பின்பக்கம் போட்டு வைத்திருந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் அது அங்கேயே கழித்தது. அடுத்த ஆடியில் அதை எடுத்துக் கொடுத்தேன். போட்டி முடிந்த மறுநாள் அந்த உடற்கல்வி ஆசிரியர் கடைக்கு வந்தார். கோபப்படவில்லை. துப்பாக்கியையும் கேப் பெட்டியையும் மேஜை மேல் வைத்தார்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க" என்றார்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். பெண்கள் 100 மீட்டர் தகுதிச் சுற்று. 'செட்' சொல்லி விசையை அழுத்தினால் 'டிக்' என்று மட்டும் சத்தம். அவருடைய பள்ளிப் பெண் அந்த 'டிக்'கிற்கே பாய்ந்துவிட்டாள். துப்பாக்கியின் பழுது என்பதால் அவள் மேல் தவறு எழுதவில்லை, எல்லோரையும் எழுப்பித் திரும்ப நிறுத்தினார்கள். இரண்டாவது முறையும் 'டிக்'. மறுபடியும் அவள்தான் முதலில் பாய்ந்தாள். மூன்றாவது முறை ஒழுங்காக வெடித்தது, ஆனால் அவள் எழும்பவில்லை. இது நிஜமா என்று ஒரு கணம் தயங்கிவிட்டாள். அந்தச் சுற்றில் முதல் இருவர்தான் அடுத்த சுற்றுக்குப் போக முடியும். அவள் மூன்றாவதாக வந்தாள். மாவட்டப் போட்டிச் சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம் என்று அவள் வீட்டில் எண்ணியிருந்தார்களாம். ஆசிரியர் புதுத் துப்பாக்கியும் கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. அதன் பிறகு அவர் என் கடைக்கு வரவும் இல்லை.

அன்று இரவு கடையைச் சாத்திவிட்டு அந்தத் துப்பாக்கியைப் பிரித்தேன். அதோடு மூட்டையில் கிடந்த மற்றவற்றையும் பிரித்தேன். மொத்தம் 11. அவற்றில் 8 துப்பாக்கிகளில் எந்தப் பாகமும் உடைந்திருக்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரே நோய்தான். சுத்தியல் முகத்திலும், கேப் உட்காரும் குழியிலும், விசைக்குப் பின்னால் உள்ள ஸ்பிரிங்கிலும் வெள்ளையும் பழுப்புமாக ஒரு படிவம்.

உப்புதான் எதிரி

இந்தப் படிவம் என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி ரிப்பேர் முடிந்தது. சிவகாசிப் பக்கத்து அன்பர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. பெட்டியின் பக்கப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கிறது. இரண்டும் உரசினால்தான் தீ. பொம்மைத் துப்பாக்கிக் கேப்பில் இந்த இரண்டும் ஒரே பொட்டில் சேர்ந்தே இருக்கின்றன. அதனால்தான் சிறு அடிக்கே வெடிக்கிறது. வெடித்த பிறகு குளோரேட் பொட்டாசியம் குளோரைடாக மாறிவிடுகிறது. அது நம் சமையல் உப்புக்குச் சொந்தக்காரன். பாஸ்பரஸ் எரிந்து மிஞ்சுவதோ காற்றின் ஈரத்தைக் குடித்துப் புளிப்புத் தன்மை கொண்ட அமிலமாகிவிடுகிறது. உப்பும் புளியும் சேர்ந்து இரும்பு ஸ்பிரிங்கில் ஒரு ராத்திரி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் எல்லோரும் ஒரு தப்புச் செய்கிறோம். துப்பாக்கி மக்கர் செய்தவுடன் எண்ணெய் விடுகிறோம். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் விட்டால் உப்பின் மேல் ஒரு மூடி போட்டது போல் ஆகிறது, அடியில் துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. அதிலும் பலர் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். அது நாளடைவில் பிசுக்காகி, குளிர்காலக் காலையில் உறைந்து, சுத்தியலை அரைவழியில் நிறுத்திவிடும். மார்கழி, தை மாதங்களில் பள்ளி ஆண்டு விழா நடக்கும்போது வரும் புகார்களில் பல இதனால்தான்.

சரியான முறை இதுதான். பந்தயம் முடிந்த அன்று மாலையே செய்ய வேண்டும். நாளைக்கு என்று தள்ளக் கூடாது. முதலில் கேப் எதுவும் உள்ளே இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் பிடி தனியாகக் கழலுமானால் கழற்றி வைக்கவும். நல்ல சூடான தண்ணீரில் பழைய டூத் பிரஷை நனைத்து, சுத்தியல் முகம், குழி, கேப் வளையம் சுற்றும் பாகம் ஆகியவற்றைத் தேய்க்கவும். இரண்டு முறை தண்ணீர் மாற்றவும். சூடான தண்ணீருக்கு இன்னொரு லாபம், இரும்பும் சூடேறித் தானே சீக்கிரம் காய்ந்துவிடும். துணியால் துடைத்து, ஈரம் முழுவதும் போன பிறகு ஸ்பிரிங்குக்கும் ஆணிகளுக்கும் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. சுத்தியல் முகத்திலும் கேப் உட்காரும் குழியிலும் எண்ணெய் படவே கூடாது. எண்ணெய் பட்ட கேப் வெடிக்காமல் போகும். இதற்கு ஆகும் செலவு என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்று பிரித்த 8 துப்பாக்கிகளும் இந்த வைத்தியத்திலேயே எழுந்து உட்கார்ந்தன. மீதி 3-ல் ஒன்றின் ஸ்பிரிங் முறிந்திருந்தது, இரண்டில் சுத்தியல் தேய்ந்திருந்தது. இந்த மலிவுத் துப்பாக்கிகளின் உடல் துத்தநாகக் கலவையில் வார்த்தது. அது துருப்பிடிக்காது, ஆனால் வெள்ளைப் பொடி பூக்கும், அடிபட அடிபட முனை மழுங்கும். சுத்தியல் மழுங்கினால் கேப்பின் நடுப்பொட்டில் அடி விழாமல் ஓரத்தில் விழும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தின் மேல் கார்பன் பேப்பரை வைத்து, கேப் இருக்கும் இடத்தில் சொருகி, விசையை அழுத்தினால் அடி விழுந்த இடம் காகிதத்தில் அச்சாகப் பதியும். வட்டமாக அழுத்தமாக விழுந்தால் துப்பாக்கி நலம். மங்கலாக விழுந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. பிறைச் சந்திரன் போல் ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் சுத்தியல் சாய்ந்திருக்கிறது அல்லது அதன் ஆணி ஆடுகிறது. கேப் ஒன்றுகூடச் செலவாகாமல், சத்தமும் இல்லாமல் சோதனை முடிந்துவிடும்.

ஸ்பிரிங் மாற்ற வேண்டுமானால் தையல் மிஷின் மெக்கானிக்கைப் பிடியுங்கள். சின்ன ஸ்க்ரூ, சின்ன ஆணி, மெல்லிய கம்பி எல்லாம் அவரிடம் இருக்கும், கையும் பழகிய கை. ஆனால் 'நல்லா அடிக்கட்டும்' என்று அளவுக்கு மேல் கெட்டியான ஸ்பிரிங் போடச் சொல்லாதீர்கள். வார்ப்புச் சுத்தியல் அந்த வேகம் தாங்காமல் கழுத்தில் ஒடியும். நானே இப்படி இரண்டு துப்பாக்கிகளைக் கெடுத்திருக்கிறேன். செத்துப்போன மூன்று துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்து இரண்டு நல்லதாக்கலாம் என்பதால், ஒரே மாடலாக வாங்குவதும், பழையதைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருப்பதும் நல்லது.

கேப்பில் மிச்சம் பிடிக்கக் கூடாது

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். ஈரம் குடித்த கேப் பார்வைக்குப் புதுக் கேப் மாதிரியே இருக்கும். பத்தில் ஏழு வெடிக்கும், மூன்று வெடிக்காது. அந்த மூன்று யார் தலையில் விழும் என்பது தெரியாது. தீபாவளி மிச்சச் சரக்கு பந்தயத்துக்கு ஆகாது என்பதை 1997-ல் ஒரு பெண்ணின் செலவில் தெரிந்துகொண்டேன். இன்று என்னிடம் வருபவர்களுக்குக் கேப் விற்பதே இல்லை. உரிமம் உள்ள பட்டாசுக் கடையில் அந்த வருஷத்துச் சரக்கை வாங்கி, பந்தயத்துக்கு முந்தின நாள் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வளையத்தைச் சுட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். பட்டாசு உரிமம் இல்லாத நம் கடையில் ஜெர்சிக்கும் பந்துக்கும் நடுவில் இதை அடுக்கி வைப்பது, ஒரு தீ விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரரிடம் வாய் திறக்க முடியாத நிலையில் நம்மைக் கொண்டு நிறுத்தும். ரயிலில் கொண்டுபோவதும் கூடாது. 1989-ஆம் வருஷ ரயில்வே சட்டப்படி குற்றம். 'ஒரு சின்னப் பெட்டிதானே' என்று மற்ற பார்சலுக்குள் வைத்து அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள் விட்டுவிடவும்.

பள்ளியில் கேப்பை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைப் போட்டு வைக்கலாம். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். நனைந்த கேப்பை வெயிலில் தகரத்தில் பரப்பிக் காய வைப்பதும், அடுப்பருகில் வைப்பதும், ஒட்டிக்கொண்டிருக்கும் பொட்டைக் கத்தியால் சுரண்டுவதும் விரலைப் பறிகொடுக்கும் வேலை. நனைந்தால் வாளித் தண்ணீரில் போட்டு ஊறவிட்டு எறிய வேண்டியதுதான். சத்தம் போதவில்லை என்று ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கேப் வைப்பவர்களும் உண்டு. அந்தத் துப்பாக்கி முகத்துக்கு நேரே தெறித்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

கேப்பில் சிக்கனம் செய்ய வேறு வழி இருக்கிறது. குறுவட்டப் போட்டியில் மூன்று வயதுப் பிரிவு, ஆண் பெண் என்று ஆறு வகை. 100 மீட்டருக்கு ஒவ்வொரு வகையிலும் நான்கு தகுதிச் சுற்று, ஒரு இறுதி என்று வைத்தாலே 30 தடவை சுட வேண்டும். 200, 400, தொடர் ஓட்டம் எல்லாம் சேர்ந்தால் நூறைத் தொடும். யாராவது முந்தி ஓடினால் திரும்ப அழைக்க இன்னொரு வெடி. நீண்ட தூர ஓட்டங்களுக்கும், பள்ளி அளவிலான தேர்வுக்கும் துப்பாக்கி எதற்கு? மரக் கிளாப்பர் போதும்.

மரக் கிளாப்பர்

இரண்டு பலகைகளைக் கீழே கீலால் இணைத்து, பிடி வைத்து, 'பட்' என்று சேர்த்து அடிப்பது. மீரட் சரக்கும் வருகிறது. நம் ஊர் ஆசாரியிடம் சொன்னால் ஒன்றரை அடி நீளத்தில் அரை நாளில் செய்து கொடுத்துவிடுவார். நன்றாகக் காய்ந்த மரமாக இருப்பது முக்கியம். பச்சை மரம் ஒரு மழையில் வளைந்துவிடும். இரண்டு பலகையும் முழுப் பரப்பிலும் ஒரே நேரத்தில் மோதினால்தான் சத்தம் வெட்டினாற்போல் வரும், வளைந்தால் 'டொப்' என்று அமுங்கும். ரிப்பேர் என்பது இழைப்புளியால் இரண்டு இழை இழைப்பதும் கீலை இறுக்குவதும்தான். ஒரு பலகைக்குக் கறுப்பு, மற்றதற்கு வெள்ளை பெயிண்ட் அடித்துவிட வேண்டும்.

பெயிண்ட் அழகுக்காக அல்ல. ஓட்டம் முடியும் இடத்தில் ஸ்டாப் வாட்ச் பிடித்திருப்பவர் சத்தத்தைக் கேட்டு அழுத்தக் கூடாது. சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தாண்டி அவர் காதுக்கு வர 0.3 விநாடி ஆகிவிடும். அவர் அதைக் கேட்டு அழுத்தினால் ஓடியவனுக்கு 0.3 விநாடி இனாமாகக் கிடைக்கிறது. ஆகவே துப்பாக்கியானால் புகையை, கிளாப்பரானால் பலகை சேர்வதைக் கண்ணால் பார்த்து அழுத்த வேண்டும். கேப்பின் புகை மெல்லியது, வெயிலில் தெரியாது. ஒரு கறுப்பு அட்டையைத் துப்பாக்கிக்குப் பின்னால் வரும்படி பிடித்தால் புகை பளிச்சென்று தெரியும். இந்த அட்டையை நான் துப்பாக்கியோடு இலவசமாகவே கொடுத்துவிடுகிறேன்.

கிளாப்பருக்கும் ஓர் எல்லை உண்டு. முழு 400 மீட்டர் மைதானத்தில் 400 மீட்டர் ஓட்டத்துக்கு ஓடுபாதைகளை முன்பின்னாக வைத்துத் தொடங்குவார்கள். எட்டாவது பாதைக்காரன் முதல் பாதைக்காரனுக்கு 53 மீட்டர் முன்னால் நிற்பான். காற்று எதிராக அடித்தால் மரச் சத்தம் அவனுக்குச் சரியாகக் கேட்காது. அங்கே துப்பாக்கிதான் வேண்டும், அதுவும் தொடங்கி வைப்பவர் எல்லோருக்கும் ஏறக்குறைய சம தூரத்தில் நின்று சுட வேண்டும். பெரிய போட்டிகளில் ஒவ்வொரு ஓட்டக்காரருக்குப் பின்னாலும் ஒலிபெருக்கி வைப்பது இந்த வித்தியாசத்தைப் போக்கத்தான். 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் ஒமேகா நிறுவனம் மின்னணுத் துப்பாக்கியையே கொண்டுவந்துவிட்டது. அதே 2010 முதல் சர்வதேச விதிப்படி ஒரே ஒரு தடவை முந்தி ஓடினாலும் வெளியே போக வேண்டியதுதான். விதி இவ்வளவு இறுகிய பிறகு, 'டிக்' என்று ஏமாற்றும் துப்பாக்கியை மைதானத்துக்கு அனுப்புவதை என் மனம் ஒப்பவில்லை. மின்னணுக் கருவி நம் பக்கத்திலும் கிடைக்கிறது. வசதியுள்ள பள்ளிகள் வாங்கலாம். விழா முடிந்ததும் பேட்டரியை வெளியே எடுத்து வைக்கச் சொல்லி விற்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி கசிந்து அதுவும் உங்கள் மேஜைக்கே ரிட்டர்ன் வரும்.

வெறுந்தோட்டா சுடும் ரிவால்வரைச் சிலர் கேட்பார்கள். சத்தம் பிரமாதமாக இருக்கும்தான். ஆனால் 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டமும் 2016-ல் வந்த ஆயுத விதிகளும் இருக்கும்போது, உரிம அதிகாரியிடம் எழுத்தில் கேட்காமல் அதை வாங்குவதோ விற்பதோ வியாபாரிக்குத் தேவையில்லாத வம்பு. பழையது ஏதாவது ரிப்பேருக்கு வந்தால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடவும். கேப் துப்பாக்கியே பார்வைக்கு நிஜம் போல் இருப்பதால் குழாயின் முனைக்கு ஆரஞ்சு பெயிண்ட் அடித்து, பில் நகலை உறையிலேயே வைத்து அனுப்புகிறேன். பஸ்ஸில் எடுத்துப் போகும் ஆசிரியருக்கு அது துணை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைக்குள் நாலு சுவருக்கு நடுவில் காதருகே வைத்துச் சுட்டுக் காட்டி விற்றே எனக்கு வலது காது மந்தமாகிவிட்டது. இப்போது யாராவது மெதுவாக விலை கேட்டால் இடது பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. சோதனையை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள், காதில் அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், கையை நேராகத் தலைக்கு மேல் தூக்கிச் சுடும்படி ஆசிரியர்களுக்கும் சொல்லுங்கள்.

ரிப்பேர் செய்து கொடுத்தால் புதுச் சரக்கு எப்படிப் போகும் என்று என் மகனே கேட்டான். ஒரு துப்பாக்கியில் நமக்கு நிற்பது சொற்பம். அதைச் சரிசெய்து வாங்கிப் போகும் ஆசிரியர்தான் வாலிபால் வலை, குண்டு, ஈட்டி, ஜெர்சி, மெடல் எல்லாம் வாங்க வருகிறார். பல அரசுப் பள்ளிகளில் அவர் முதலில் தன் கைக்காசைப் போட்டு வாங்கிவிட்டுப் பிறகுதான் பில்லைக் காட்டிப் பெறுகிறார். அவருடைய காசை மிச்சப்படுத்திக் கொடுக்கும் கடையை அவர் மறப்பதில்லை.

சனிக்கிழமை மாலைகளில் தையல் மிஷின் மெக்கானிக் எங்கள் கடைக்கு வந்து உட்காருகிறார். ஆனி மாதமே பள்ளிகளுக்குப் போன் செய்து, துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டிவிடுங்கள் என்று சொல்லிவிடுவோம். கழுவிக் கொடுப்பதற்குக் காசு வாங்குவதில்லை, ஸ்பிரிங் மாற்றினால் அவர் கூலி மட்டும். கார்பன் பேப்பர் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறது என்று வெளியூர் அன்பர்கள் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் டைப் இன்ஸ்டிடியூட் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் இன்னமும் வைத்திருக்கிறார்கள். ஒரு தாள் வாங்கினால் எனக்கு ஒரு வருஷம் வருகிறது.